ஜே.ஆர்.எஃப் கிடைச்சிருக்கு, கௌரவ விரிவுரையாளர் வேலைய விட்டுட்டு பிஎச்.டி சேரலாமா?

கேள்வி: வணக்கம் சார். மதுரை பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரில 6 வருஷமா கௌரவ விரிவுரையாளரா இருக்கேன், மாசம் 25,000, அதுவும் 11 மாசம்தான், மே மாசம் சம்பளம் கிடையாது. வயசு 33, டைவர்ஸ் ஆயிருச்சு. பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 5, அம்மா கூட இருக்காங்க. இப்ப தமிழ்ல ஜே.ஆர்.எஃப் (பிஎச்.டி படிக்க மாசாமாசம் குடுக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்சிருக்கு. வேலைய விட்டுட்டு ஃபுல் டைம் பிஎச்.டி சேரவா, இல்ல வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம் பண்ணவா? எஃப்.டி 4 லட்சம் இருக்கு, நகைக்கடன் 1.2 லட்சம், வீட்டுச் செலவு மாசம் 22,000. ஏஜென்ட் ஒருத்தர் மாசம் 5,000 கட்டுற சைல்டு பாலிசி போடச் சொல்றாரு.

பதில்: ஃபுல் டைமே சேருங்க சகோதரி. பார்ட் டைம்னா ஜே.ஆர்.எஃப் பணம் வராது, ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வேலையும் பாத்து தீசிஸும் எழுதுறதுலயும், இத்தன கஷ்டப்பட்டு வாங்கின உதவித்தொகைய விடுறதுல எனக்கு சம்மதமே இல்ல.

இப்ப உங்க வருஷ வருமானம் 2,75,000. ஜே.ஆர்.எஃப் முதல் 2 வருஷம் மாசம் 37,000, அடுத்த 3 வருஷம் எஸ்.ஆர்.எஃப் (அதே உதவித்தொகையோட அடுத்த நிலை) ஆனா 42,000, ஹாஸ்டல்ல தங்கலன்னா வீட்டு வாடகைப்படி தனி. வாடகைப்படிய விட்டுட்டுப் பாத்தாலே வருஷத்துக்கு 1,69,000 கூட வருது. ஆனா ஒண்ணு, ஃபுல் டைம் பிஎச்.டி படிக்கிற வருஷங்கள யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) டீச்சிங் அனுபவமா எடுத்துக்காது, அந்த நஷ்டம் இருக்கு, 6 வருஷ அனுபவம் கையில இருக்குறதால உங்களால அத தாங்க முடியும்.

நான் கவலப்படுறது வேற விஷயத்துக்கு. 2022 யு.ஜி.சி விதிப்படி பிஎச்.டி முடிக்க 6 வருஷம், பெண்களுக்கு இன்னும் 2 வருஷம் கூட குடுக்கலாம், பிள்ளைங்கள பாத்துக்க 240 நாள் வரைக்கும் லீவும் உண்டு, ஆனா பணம் மட்டும் 5 வருஷத்தோட நின்னுரும், பையனுக்கு காய்ச்சல் பொண்ணுக்கு பரீட்சைன்னு தீசிஸ் தள்ளிப் போச்சுன்னா ஆறாவது வருஷம் வீட்டுக்கு என்ன செலவு பண்ணுவீங்க? அதனால ஃபெலோஷிப் (இந்த உதவித்தொகை) வந்தாலும் வீட்டுச் செலவு இதே 22,000லயே நிக்கட்டும், மிச்சத்துல 10,000 ஆர்.டில போடுங்க, அது ஆறாவது வருஷத்துக்கான பணம், தொடவே கூடாது. கோர்ட்டுல பிள்ளைங்களுக்கு ஜீவனாம்சம் ஆர்டர் ஆகியிருந்தா அதையும் விட்டுக்குடுக்காதீங்க, அது அவங்க உரிமை.

இன்னொண்ணு, ஃபெலோஷிப் பணம் மாசம் பொறந்தா டான்னு வந்துராது, சேந்த புதுசுல சில மாசம் இழுக்கும், அப்புறம் அரியரா மொத்தமா வரும். அதுக்கு முன்னாடியே எஃப்.டில இருந்து 1.2 லட்சம் எடுத்து நகைய மீட்டுருங்க, எஃப்.டி வட்டிய விட நகைக்கடன் வட்டி ஜாஸ்தி. மிச்சம் 2.8 லட்சம், பணம் இழுக்குற மாசங்கள்ல உங்க செலவுக்கு ஒரு வருஷமே தாங்கும், அவசரம்னா மீட்ட நகையும் வீட்டுல இருக்கு.

சைல்டு பாலிசி வேண்டவே வேண்டாம். உங்களுக்கு ஒண்ணு ஆனா பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா, அதுக்குத்தான் இன்சூரன்ஸ், சேமிக்கிறதுக்கு இல்ல. 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (நமக்கு ஒண்ணு ஆனா மட்டும் குடும்பத்துக்கு பணம் வர்ற ஆயுள் காப்பீடு) எடுங்க, அதையும் வேலைய விடுறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க, ஏன்னா வருமானச் சான்று கேப்பாங்க, சம்பளத்தக் காட்டுறது சுலபம், ஃபெலோஷிப்ப காட்டி வாங்குறது சிரமம். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஆயுள், மருத்துவ காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி இல்ல, அதனால குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசியும் சேத்துப் பாருங்க. பொண்ணுக்கு 10 வயசு ஆகுறதுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு தொடங்கிருங்க, வருஷத்துக்கு 250 கட்டினாக்கூட கணக்கு உயிரோட இருக்கும், 18 வயசுல படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம்.

டேர்ம் பாலிசில நாமினியா பிள்ளைங்க பேரப் போடும்போது அவங்க மைனர்ங்கிறதால அப்பாயின்ட்டின்னு பெரியவங்க ஒருத்தர் பேரு கேப்பாங்க. அம்மாவுக்கு வயசாயிருக்கும், கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்ககிட்ட பேசி சம்மதம் வாங்கிட்டு அவங்க பேரக் குடுங்க.