மேனிஃபோல்ட் ஸ்டட் முறிந்தால் ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் டர்போ டீசல் பிக்கப், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி). காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ சத்தம் வருகிறது. இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்புக் குழாய்) ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்களில் (இரு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) கடைசியானது ஹெட்டோடு ஒட்ட முறிந்திருக்கிறது. ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பெரும்பாலும் மேனிஃபோல்டை மட்டும் கழற்றினால் போதும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கசியும் புகை கேபினுக்குள் வரலாம், டர்போவின் பூஸ்ட் (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) குறையும், பக்கத்து ஸ்டட்டும் பலவீனப்படும்.

முறிவது பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்தான். 400 மி.மீ. நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும்; தண்ணீரால் குளிரும் ஹெட் அந்த அளவு நீளாது. ஓரத்துத் துளைகளைப் பெரிதாக விட்டிருப்பது இந்த நகர்வுக்காகத்தான். அங்கே கரியும் துருவும் அடைத்துக்கொண்டால் முழு இழுவையும் ஸ்டட் மீது விழுகிறது.

மிஞ்சிய துண்டை எடுக்க முதலில் ஈஸி-அவுட்டை (முறிந்த துண்டில் துளையிட்டு, எதிர்ப்பக்கம் திருகி எடுக்கும் கருவி) தொடாதீர்கள். துருப்பிடித்து இறுகிய ஸ்டட்டில் அது உள்ளேயே முறியும்; அந்தக் கடின எஃகில் சாதாரண டிரில் பிட் ஏறாது. பிறகு உண்மையிலேயே ஹெட்டை இறக்க நேரும்.

சி.ஓ.2 வெல்டிங்தான் நல்ல வழி. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், டீசல் குழாய்களையும் வயர்களையும் மூடி, தீயணைப்பானைப் பக்கத்தில் வையுங்கள். முறிந்த முனைமீது வெல்டை வைத்துச் சற்று உயர்த்தி, வாஷரை வைத்து உள்வழியாக வெல்ட் செய்து, அதன்மேல் எம்10 நட்டை வைத்து உட்துளையை நிரப்புங்கள். இரும்பு வெல்ட் அலுமினியத்தில் பிடிக்காது என்பது இங்கே நமக்குச் சாதகம். வெல்டின் சிவப்பு அடங்கியதும் மெழுகைத் தொட்டு உருகி இறங்க விடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் மறுபடி முறியும். நட் பிய்ந்து வந்தால் திரும்ப வையுங்கள். ஒவ்வொரு சூடும் துருவின் பிடியைத் தளர்த்தும், அதனால் மூன்று நான்கு முறை முயன்றாலும் வீணில்லை.

அப்படியும் வராவிட்டால் மட்டும் டிரில். எஃகைவிட அலுமினியம் மென்மையானது, பிட் அந்தப் பக்கம் வழுகிவிடும். மேனிஃபோல்டையே திரும்பப் பூட்டி, அதன் துளைக்குள் லேத்தில் கடைந்த புஷ் (நடுத்துளை உள்ள சிறு உருளை) ஒன்றைப் போட்டு, 3 மி.மீ. பிட்டை அதன் வழியே விடுங்கள். எம்8 ஸ்டட்டானால் படிப்படியாக 6.8 மி.மீ. வரை போய், எம்8×1.25 டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரையைச் சுத்தம் செய்யலாம். நல்ல துளை ஒன்றில் ஆழத்தை அளந்து பிட்டில் ஒட்டும் டேப்பைச் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால் தண்ணீர் ஜாக்கெட் (ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழி) துளையாகலாம். மரை கெட்டால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் பொருத்தும் கம்பிச் சுருள்) போடுங்கள்.

ஸ்டட் வந்ததோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மேனிஃபோல்ட் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய இலைகள்) விடுங்கள். எல்லையை மேனுவலில் பாருங்கள். அது இல்லாவிட்டால், 0.2 மி.மீ. இலை நுழைந்தாலே சர்ஃபேஸ் செய்ய (முகத்தைச் சமமாகச் சீவ) கொடுங்கள். வளைந்த மேனிஃபோல்டை, நட்டை இறுக்கியே இழுத்து உட்கார வைத்தால் புது ஸ்டட்டும் முறியும். ஓரத்துத் துளைகளின் கரியையும் சுரண்டி எடுங்கள்.

ஸ்டட், நட் அனைத்தையும், கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டாம், இந்தச் சூட்டில் அதன் வலு குறையும். இன்ஜின் கம்பெனியின் ஸ்டட்டே சரி. ஹெட்டுக்குள் போகும் மரையில் மட்டும் நிக்கல் அல்லது செம்பு ஆன்டி-சீஸ் (மரை ஒட்டி இறுகாமல் காக்கும் களிம்பு) தடவுங்கள். துளை தண்ணீர் ஜாக்கெட்டில் திறந்தால் அதற்குப் பதில் கசிவை அடைக்கும் சீலன்ட். நட் பக்கத்தில் ஆன்டி-சீஸ் தடவினால் அதே டார்க்கில் (இறுக்கும் திருப்பு விசையில்) ஸ்டட் கூடுதலாக இழுபடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். எம்8க்குப் பொதுவாக 20–25 நியூட்டன் மீட்டர். மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. ஒருமுறை நன்றாகச் சூடாகி முழுதும் ஆறியபின், மேனுவல் தடுக்காவிட்டால், டார்க்கை மறுபடி சரிபாருங்கள்.