நுகத்தடி வீக்கத்துக்கு வேப்பெண்ணெய் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். ஆறு வயதுக் காளைக்குப் புது நுகம் பூட்டிப் பத்து நாள் ஆகிறது. நான்கு நாளாகக் கழுத்தின் மேல் வீக்கம், நடுவில் கொஞ்சம் தோல் வழன்றிருக்கிறது. வேப்பெண்ணெய் தடவினால் வற்றுமா? உள்ளுக்கும் கொடுக்கலாமா? மெடிக்கலில் வலி ஊசி வாங்கிப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: முதலில் காளையை வண்டியிலிருந்து அவிழ்த்து விடுங்கள். நுகம் அழுத்திக்கொண்டே இருந்தால் எந்த எண்ணெயும் வேலை செய்யாது. தோல் முழுக்க ஆறி, தொட்டால் மாடு சிலிர்க்காமல் நிற்கும் வரைக்கும் பூட்டவே வேண்டாம்.

அப்புறம் புறங்கையை வீக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சுடுகிறதா? விரலால் மெல்ல அமுக்கி எடுங்கள். கெட்டியாகவும் சூடாகவும் இருந்தால் புது அழற்சி, வேம்பு கைகொடுக்கும். நடுவில் மெத்தென்று அமுங்கி, உள்ளே ஏதோ அலைவதுபோல் இருந்தால் சீழ் கட்டிவிட்டது என்று பொருள். அதைக் கால்நடை மருத்துவர்தான் கீறி வடிக்க வேண்டும். சீழ்க்கட்டி மேல் எண்ணெய் தடவிக் காத்திருப்பது வீண்.

வேம்புக்கு வீக்கம் ஏன் வற்றுகிறது என்றால், விதை எண்ணெயின் கசப்பில் நிம்பிடின் என்ற பொருள் இருக்கிறது. வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் மூன்றையும் பிரித்தெடுத்தார். பின்னாளில் எலிகளின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கிச் சோதித்தபோது நிம்பிடின் அதைக் குறைத்தது. அடிபட்ட இடத்தில் திரண்டு வீக்கத்தைக் கூட்டும் வெள்ளை அணுக்களின் வேகத்தை அது தணிக்கிறது. நம் பாட்டிமார் கையில் இருந்த வைத்தியம் வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் எலியின் பாதம் வேறு, காளையின் கழுத்து வேறு. அதனால் இதைத் துணை மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் வழன்ற இடத்தில் சுத்த வேப்பெண்ணெயை அப்படியே ஊற்றினால் எரியும். கைப்பிடி வேப்பிலை, கைப்பிடி குப்பைமேனி, பத்துப் பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள்தூள் எல்லாவற்றையும் அரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி ஆறவிடுங்கள். புண்ணை உப்பு போட்டுக் காய்ச்சி ஆறிய நீரில் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்துவிட்டுத் தினம் இரண்டு வேளை தடவுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வேப்பெண்ணெயைப் பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்து பூசலாம். அந்த வாடைக்கு ஈ அண்டாது, புழு வைக்காது. எனக்கு இந்தப் பயன்தான் பெரிதாகப் படுகிறது. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். ஜோடி மாடு பக்கத்தில் நின்று நக்கும், அதைத் தள்ளிக் கட்டுங்கள்.

செக்கில் ஆட்டிய எண்ணெய்தான் வேண்டும். பயிருக்குத் தெளிக்க உரக்கடையில் விற்கும் வேம்பு மருந்தில் தண்ணீரோடு கலக்க வேறு பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அது புண்ணில் படக்கூடாது.

உள்ளுக்கு வேண்டாம். வாயைத் தூக்கி எண்ணெய் ஊற்றும்போது புரையேறி நுரையீரலுக்குப் போனால், கழுத்து வீக்கம் சின்ன விஷயமாகிவிடும். வீட்டில் சினை மாடு இருந்தால் அதற்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

வலி ஊசி விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடுவது 2006-இலேயே தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. ஊசி போட்ட மாடு இறந்து அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பதே கொஞ்சம். மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள், வலிக்கும் வீக்கத்துக்கும் அது போதும். காய்ச்சல் 103 டிகிரி தாண்டினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, மூன்று நாளில் வீக்கம் குறையாவிட்டாலோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மாடு ஆறுவதற்குள் நுகத்தைப் பாருங்கள். கழுத்தில் படும் இடத்தைக் கையால் தடவினால் சிராய் குத்தக்கூடாது, இழைத்து வழவழப்பாக்குங்கள். இரண்டு மாடும் ஒரே உயரமா என்று திமிலுக்கு முன்னால் அளந்து பாருங்கள், உயரம் மாறினால் பாரம் ஒரு கழுத்தில் சாயும். நுகத்துக்கு அடியில் சாக்கை மடித்து வைக்காதீர்கள், வியர்வை ஊறி மறுபடி வழலும். முதல் ஒரு வாரம் வெறும் வண்டியாக, வெயிலுக்கு முன் காலையில் மட்டும் ஓட்டுங்கள்.