சர்வீஸ் ஏன் லெட் ஆகிறது? சக்கர நாற்காலி டேபிள் டென்னிஸ் பற்றி ஒரு பதில்

நண்பரே, சக்கர நாற்காலியில் ஆடும் உங்கள் தம்பியின் பக்கச் சுழல் சர்வீஸை (பந்து பக்கவாட்டில் வளையும்படி சுழற்றிப் போடுவது) நடுவர் ஏன் திரும்பத் திரும்ப லெட் (புள்ளி யாருக்கும் இல்லை, மறுபடி ஆட வேண்டும்) என்றார் என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. இதுவரை நின்று ஆடுபவர்களோடுதான் பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்: நாற்காலி ஆட்டத்துக்கு சர்வீஸ் விதி வேறு.

சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டத்தில் (உடல் இயலாமையின் அளவைப் பொறுத்து வகுத்த 1 முதல் 5 வரையான பிரிவுகள்) சர்வீஸ் பந்து எதிராளியின் பக்கம் பட்டபின் பக்கவாட்டு விளிம்பு வழியாக வெளியேறினால் லெட். சுழலால் வலையை நோக்கித் திரும்பினாலும், மேசையிலேயே நின்றுவிட்டாலும் லெட்தான். நாற்காலியை அவ்வளவு வேகமாக நகர்த்த முடியாது அல்லவா, அதற்காகத்தான் இந்த விதி. ஆனால் பந்து பக்கவிளிம்பைத் தாண்டும் முன்போ இரண்டாம் முறை குதிக்கும் முன்போ எதிராளி அடித்துவிட்டால் சர்வீஸ் செல்லுபடியாகும், லெட் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? எதிரே ஆளே இல்லாமல் சர்வீஸ் போடச் சொல்லுங்கள். பந்து எந்த விளிம்பில் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் விழுந்தால், பந்தின் ஓரத்தை உரசுவதைக் குறைத்து, பின்புறத்தை அதிகம் தொடட்டும். சுழலை அடியோடு விட வேண்டாம். ஆழமாகப் போய்ப் பின்விளிம்பைத் தாண்டும் பக்கச் சுழல் நல்ல ஆயுதம்.

அப்புறம் இன்னொன்று: பந்தை அடிக்கும்போது தொடையின் பின்புறம் இருக்கையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் லெட் இல்லை, புள்ளியே போய்விடும். எட்டி அடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே கவனியுங்கள்.