ராஜாவின் வாத்தியங்கள்: கேள்வி – பதில்

கேள்வி: இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைக் கவனி என்கிறார்கள். எனக்குக் குரலும் தபேலாவும்தான் கேட்கின்றன. காதில் கோளாறா? (வாசகர், தேனி)

காது நன்றாகத்தான் இருக்கும். முதலில் போன் ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நகக்கண் அளவு ஸ்பீக்கருக்கு அந்த ஒலியை எழுப்பும் தெம்பு கிடையாது. சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். 'பேஸ் பூஸ்ட்' மட்டும் வேண்டாம். டிரம்ஸின் கிக்கும் பேஸும் கலந்து கூழாகிவிடும். யாரோ மெருகேற்றிப் பதிவேற்றிய பிரதிகளிலும் இதே தொல்லை உண்டு.

'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை எடுங்கள். பல்லவி மட்டும், அரை நிமிடம், திரும்பத் திரும்ப. முதல் சுற்றில் பேஸை மட்டும் வாய்க்குள் முனகுங்கள். சுருதி தவறினாலும் பரவாயில்லை, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பிடிபட்டால் சரி. அடுத்த சுற்றில், பாடகர் மூச்சு விடும் இடங்களில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று பாருங்கள். அதன்பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து.

மனம் வரிகளின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் அதே மெட்டின் தெலுங்கு வடிவத்தைத் தேடுங்கள். பொருள் புரியாத மொழியில் காது தானாக வாத்தியத்துக்குப் போய்விடும்.

பேஸ் பிடிபட்ட பிறகு 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் 'என் கண்மணி'க்கு வாருங்கள். அங்கே இரண்டு தனித்தனி வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து போகின்றன. கவுன்ட்டர்பாயின்ட் என்பது இதுதான். ஒன்று நகரும்போது மற்றது நிற்கும். ஒன்று ஏறினால் மற்றது பெரும்பாலும் இறங்கும். இரண்டும் ஒரே இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தால், முக்கியமாக ஸ-ப இடைவெளியில், காது அவற்றை ஒரே குரலாக்கிவிடும். ஒரு சினிமா டூயட்டுக்குள் இதை வைத்து, அதைத் தெருவெல்லாம் முணுமுணுக்கவும் வைத்தவரை எவ்வளவு கொண்டாடினாலும் தகும்.

கேள்வி: 'திருவாசகம்' சிம்பொனியா, இல்லையா? (வாசகி, திருநெல்வேலி)

2005இல் வெளியான அந்தப் படைப்பு ஆரட்டோரியோ வகை: புனிதமான உரை, தனிக்குரல், கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா. புடாபெஸ்ட் கலைஞர்கள் வாசித்தது. பெயரில் சிம்பொனி ஒட்டிக்கொண்டதால் அதன் பெருமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சிம்பொனிக்குச் சொல் அவசியமில்லை. வழக்கமாக நான்கு பகுதிகள். முதல் பகுதியில் இரண்டு கருக்கள் அறிமுகமாகும், இரண்டாவது கரு வேறு சுருதியில் வரும். அதே பகுதியின் நடுவில் இரண்டையும் பிரித்துப்போட்டு வளர்ப்பார்கள். கடைசியில் இரண்டும் ஆதார சுருதிக்குத் திரும்பும். ராஜா 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்துப் பதிவு செய்த சிம்பொனி வெளிவரவில்லை. அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியது. கேட்கப்போகிறவர்கள் முதல் கருவை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும், அது எங்கே எந்த வாத்தியத்தில் மாறுவேடமிட்டு வருகிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கேள்வி: எங்கள் சர்ச் குழுவில் 6 வயலின், 1 செலோ, 1 கிளாரினெட், கீபோர்டு. ராஜாவின் ஒரு இடையிசையைக் கேட்டு நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் சரியாகப் படித்தும் கிளாரினெட் மட்டும் அபஸ்வரம். வயலினும் கரகரக்கிறது. (வாசகர், நாகர்கோவில்)

கிளாரினெட்காரரைத் திட்டாதீர்கள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பி ஃபிளாட் கிளாரினெட். அதில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட்தான் கேட்கும். ஆகவே அவருடைய தாளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும்: பாட்டு சி மேஜர் என்றால் அவருக்கு டி மேஜர், இரண்டு ஷார்ப். மென்பொருளில் எழுதினால் 'கான்சர்ட் பிட்ச்' (காதில் கேட்கும் சுருதியிலேயே தாளைக் காட்டும் வசதி) என்பதை அணைத்துவிட்டுப் பிரின்ட் எடுங்கள். நாளை பிரெஞ்ச் ஹார்ன் வந்து சேர்ந்தால் அதற்கு ஐந்தாம் ஸ்வர அளவு மேலே. வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப், அதாவது எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று தாளின் தொடக்கத்தில் காட்டும் வேறொரு குறி.

இதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் சுருதி சேர்த்த நேரத்தைப் பாருங்கள். குளிர்ந்த கிளாரினெட் சுருதி இறங்கியிருக்கும், ஊத ஊத ஏறும். பத்து நிமிடம் ஊதிய பிறகு சேர்க்கட்டும். கீபோர்டின் 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். யாராவது டியூனிங்கை நகர்த்தியிருக்கலாம்.

வயலினை மூன்று பிரிவாக, இரண்டிரண்டு பேராகப் பிரித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு பேர் ஒரே ஸ்வரத்தை வாசிக்கும்போது நூலளவு பிசகும் அலையடித்துக் காட்டிக்கொடுக்கும். மூன்று பேர் சேர்ந்தால் அது கரைந்துவிடும். எனவே மூன்று, மூன்றாக இரண்டே பிரிவு. மூன்றாவது வரியைக் கீபோர்டுக்குக் கொடுங்கள். செலோ பேஸ் வரியை வாசிக்கட்டும், கீபோர்டின் இடதுகை அதையே ஒரு ஸ்தாயி கீழே.

வில் மேலா கீழா என்பதை ஒவ்வொரு தாளிலும் குறியுங்கள். கமகம் வரும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை: மேற்கத்திய முறையில் பயின்றவர் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவுவார், கர்நாடக முறையில் பயின்றவர் இழுத்துப் போவார். ஆறு பேரும் அவரவர் வழியில் போனால் கலங்கல்தான் மிஞ்சும். ஒருவரை வாசிக்கச் சொல்லி, எந்த ஸ்வரத்தில் தொடங்கி எங்கே நிற்கிறார் என்று எழுதி, மற்றவர்களுக்கு ஒரே வில்லில் வரும்படி கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்தச் சொற்றொடரை ஒரே வயலினுக்கு விட்டு, மற்றவர்கள் நீண்ட ஸ்வரம் பிடிக்கட்டும்.

கேள்வி: பாட்டே இல்லாத ராஜா இசையை எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகி, கோவை)

1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து. ஆனால் அதற்கு முன், ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல சிறு பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு) முதல் பகுதியை இரண்டு முறை கேட்டுவிடுங்கள், நான்கு நிமிடம்கூட ஆகாது. பிறகு ஆல்பத்தில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கின் வயலின் எது, ராஜா அதனடியில் புதிதாக எழுதிச் சேர்த்த வரிகள் எவை என்று அப்போது பிரித்துக் கேட்க முடியும்.