பெயர்கூடக் கேட்காமல் எடுத்த படம்

புகழ்பெற்ற புகைப்படங்களில், பின்னணிக் கதை தெரிந்த பிறகு உங்களை அதிகம் பாதித்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். 1993இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த, பசியில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பின்னால் கழுகு நிற்கும் படம் உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும், கீழே கண்ணீர் வரவழைக்கும் ஒரு கதையோடு. குழந்தை அங்கேயே செத்துவிட்டதாக முடியும் கதையென்றால் நம்பாதீர்கள். அது ஆண் குழந்தை, அன்று பிழைத்துக்கொண்டது. 2011இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் அவன் குடும்பத்தையே தேடிக் கண்டுபிடித்தது.

ஆனால் என் பதில் வேறு படம். புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' (புலம்பெயர்ந்த தாய்). கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கும் பெண், இரு தோளிலும் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1930களில் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த முகத்தைத்தான் போடுவார்கள்.

அது பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். உறைபனியில் விளைச்சல் போய்விட்டது, வேலை இல்லை. லாங் ஓர் அரசுத் துறைக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் வயது 32 என்று தெரிந்துகொண்டார், பெயரைக் கேட்கவில்லை. படம் சான்பிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும் முகாமுக்குச் சுமார் 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருள் போனது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

1978இல்தான் அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது: ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடிப் பெண். கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் ஒரு நகரும் வீட்டில் இருந்தார். என்னைப் படமெடுக்காமலே இருந்திருக்கலாம், இதனால் எனக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். படத்தை விற்கமாட்டேன், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று லாங் சொன்னதாகவும், பிரதி வரவே இல்லை என்றும் சொன்னார்.

என்னைக் குத்தியது பணமல்ல, டயர் விஷயம். சாப்பாட்டுக்காக அந்தப் பெண் கார் டயர்களை விற்றுவிட்டாள் என்று லாங் எழுதியிருந்தார். தாம்ப்சனின் மகன் பின்னாளில் அதை மறுத்தார்: விற்க எங்களிடம் வேறு டயர் ஏது, காரில் இருந்தவற்றோடுதானே அங்கிருந்து கிளம்பினோம் என்றார். லாங் வேறு யாரோடோ குழப்பிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் எண்ணம். இல்லாத ஒரு நிகழ்ச்சி அந்தக் குடும்பத்தின் மேல் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இது நடந்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அம்மா ஒருநாள் வேலை முடிந்து ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். யாரோ படமெடுத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து அது ஒரு பத்திரிகையில் வந்தது, 'பிள்ளைகள் கைவிட்ட தாய்' என்ற வரியோடு. முதலில் பார்த்தது சித்தி. போன் செய்து என்னைத்தான் திட்டினார். அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. "நான் எங்கடா அழுதேன், வெயில் கூசிச்சு, கண்ணை மூடினேன்" என்றார். அப்புறம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார்கள். என் பிள்ளைகள் அப்படியில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. அக்கா அந்தப் பத்திரிகைக்குப் போன் செய்து கேட்டதற்கு, அது யாரையும் குறிப்பிட்டுப் போட்டதில்லை, பொதுவாகப் போட்டது என்றார்கள். முகம் அம்மாவுடையது, அப்புறம் என்ன பொது? திருத்தம் போடவே இல்லை.

உடனே சிலர் வருவார்கள், ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டால் எந்த நல்ல படமும் கிடைக்காது என்று. எனக்கும் தெரியும். லாங்கை நான் குற்றவாளியாக்கவில்லை. படம் அரசாங்கத்தின் சொத்து, அவருக்கும் அதில் தனி வருமானம் கிடையாது. முகாமில் பசியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போனதும் அந்தப் படத்தால்தான். 1983இல் தாம்ப்சன் நோயில் விழுந்து பிள்ளைகள் உதவி கேட்டபோது, அந்த முகத்தை நினைவில் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கடிதமும் பணமும் அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு படத்தின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த கசப்பும் குறைந்தது. எடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கீழே எழுதுகிற வரியை, அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள் என்கிறேன். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானில் பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில் எடுத்த பச்சைக்கண் ஆப்கன் சிறுமி உலகம் முழுக்கச் சுவரொட்டியாகத் தொங்கினாள். ஷர்பத் குலா என்ற பெயர் தெரிய 2002 ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்போது பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கெல்லாம் செயலியில் வண்ணம் பூசி, சுருக்கத்தையும் அழித்துப் போடுகிறார்கள். தாம்ப்சன் முகத்தை அப்படி வழுவழுவென்று பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோடுகள் அந்த வயதுக்கே வரவேண்டியவை இல்லை, அதுதானே அந்தப் படம்!

அசலைப் பார்க்க நினைத்தால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அன்று எடுத்த மற்ற படங்களும் அங்கே இருக்கின்றன. கூடாரத்தைத் தள்ளி நின்று எடுத்ததில் மூத்த மகளும் இருக்கிறாள். பிரபலமான படத்தில் அவள் இல்லை. அவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.