பதகளிப்பு உயிரை எடுக்குமா? மாங்குளத்தில் வந்த கேள்விகள்

மனநலப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாங்குளம் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாயால் கேட்க வெட்கப்படுவார்கள் என்று தெரியும். அதனால் கேள்விகளைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடச் சொன்னேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

ஒட்டுசுட்டான்: என்ர மனுசன் எதற்கெடுத்தாலும் பதறுகிறார். இது தற்கொலையில் கொண்டுபோய் விடுமா?

பதகளிப்பு நோய் (ஓயாத பதற்றமும் பயமும்) உள்ள பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை, தங்கச்சி. ஆனால் 'வெறும் பயம்தானே' என்று தள்ளிவிடவும் முடியாது. அவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிடக் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதகளிப்போடு மனச்சோர்வும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். நித்திரையின்மை, சாராயம், கடன் என்று மேலே மேலே விழும்போதுதான் நான் கூடக் கவனிப்பேன்.

எங்கள் கிளினிக் வாங்கின் நுனியில் ஓர் ஐயா இருப்பார். எந்த நேரமும் எழும்பி ஓடத் தயார் போல. கையிலிருந்த கொப்பி சுருட்டிச் சுருட்டிக் குழலாகவே ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் சொன்னார்: "சாக விருப்பமில்லைப் பிள்ளை. இந்தப் படபடப்பு நின்றால் காணும்." பலருக்கு நடப்பது அதுதான். படபடப்பு ஒருநாளும் நிற்காது என்று நம்பத் தொடங்கும் இடத்தில்தான் ஆபத்து. அது நிற்கும். பேச்சுவழிச் சிகிச்சையும் குளிசையும் இருக்கின்றன. அந்த ஐயா பிறகு மிளகாய்க் கன்று நட்ட கதை சொல்ல வந்தார்.

விசுவமடு: 'சாகிற எண்ணம் வருகுதோ' என்று கேட்டால் நாங்களே அதை ஊட்டின மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குப் பாரம்தான் குறைகிறது. சுற்றி வளைக்காமல் அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். 'பிள்ளைகளை நினைச்சுப் பார்' என்று உடனே தொடங்காதீர்கள். அவர் ஏற்கெனவே நினைத்து நினைத்துத்தான் குற்ற உணர்வில் கிடக்கிறார்.

'ஓம்' என்றால் தனியே விடாதீர்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி நஞ்சுகளை வேறு வீட்டில் கொடுத்துப் பூட்டி வையுங்கள். இது சின்ன விசயமில்லை. 1995இல் இலங்கையில் தற்கொலை லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. பிறகு இருபது வருசத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததே அதற்கு முக்கிய காரணம். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்குக் கொஞ்சம்தான். அதைக் கடத்திவிட்டால் ஆள் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

புதுக்குடியிருப்பு: சாமத்தில் திடீரென நெஞ்சிடி, மூச்சு முட்டு. ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஈசிஜி எடுத்தது நல்லது. முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் பிழையில்லை என்றால் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமில்லை. பீதித் தாக்கமாக, அதாவது திடீரென்று வருகிற கடும் பயமாக, இருக்கலாம். அது நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆனால் 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்தவர் என்றால் கனவுகளையும், சத்தத்துக்குத் திடுக்கிடுவதையும் டொக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட அனுபவம் விட்டுப்போகிற மனவடுவும் தற்கொலை ஆபத்தைக் கூட்டுகிற ஒன்று. நாங்கள் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள்.

மல்லாவி: குளிசை பழக்கமாகிவிடுமாமே?

சிலது ஆகும். டயசிபாம் வகையை நீண்டகாலம் எடுத்தால் பழக்கமாகும். திடீரென நிறுத்தவும் கூடாது. பதகளிப்புக்கு வழமையாகத் தருகிற மற்றக் குளிசைகள் அப்படியல்ல. ஆனால் அவை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். தொடக்கத்தில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே, அந்தரம் கூடலாம்; சாகிற எண்ணமும் தலைதூக்கலாம். அப்போது தானாக நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். சாராயத்தோடு எடுக்கவே வேண்டாம்.

முழங்காவில்: ஆஸ்பத்திரியில் சொன்னால் பொலிஸ் கேஸா?

இல்லை. தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கு குற்றமில்லை.

ஊர் எழுதாத துண்டு: எனக்குத்தான் அப்படி இருக்கு.

இதை நாலாய் மடித்துப் போட்டிருந்தீர்கள். வாசித்தேன். எழுதினது நல்லது. இன்றைக்கே ஓர் ஆளிடம் வாயாலும் சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம், 1333 என்ற ஆலோசனை இலக்கமும் உண்டு. அடுத்த ஞாயிறு பின்னேரம் நான் அதே நிலையத்தில்தான் இருப்பேன். கிளினிக்குக்குத் தனியப் போக ஏலாதென்றால் கூட வருகிறேன்.