48,000 கி.மீ. ஓடிய வண்டிக்குப் புது கிளட்ச் எதற்கு?

கேள்வி: சத்தியமங்கலத்தில் இருக்கிறேன். மாதம் நான்கைந்து முறை திம்பம் ஏறித் தாளவாடி போய்வர வேண்டும். மேனுவல் கியர் பெட்ரோல் ஸ்விஃப்ட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 மாடல். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் நிற்கிறது. சிங்கிள் ஓனர், 48,000 கி.மீ., “கிளட்ச் இப்போதுதான் புதுசா போட்டது” என்கிறார்கள். விலை 3,90,000 ரூபாய். இன்னொன்று 2013 மாடல். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நேரடியாக விற்கிறார். 91,000 கி.மீ., கிளட்ச் கம்பெனியில் வந்ததே. 3,45,000 கேட்கிறார். நான் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: கன்சல்டிங்காரர் புது கிளட்ச்சைப் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஓரளவு ஒழுங்காக ஓட்டுகிற குடும்ப வண்டியில் ஒரு கிளட்ச் செட் 80,000 கி.மீ., ஒரு லட்சம் என்று வரும். ஊருக்குள்ளேயே ஓடினால் கொஞ்சம் முன்னால் போகும். 48,000-த்தில் போய்விட்டது என்றால் மூன்று காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. ஓட்டியவர் எப்போதும் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டரைக் குறைத்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வண்டி டிரைவிங் ஸ்கூலில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு வண்டி பார்த்துக் கொடுத்தேன். பெயின்ட் பளபள, சீட் கவர் புதுசு, கிளட்ச் புதுசு. எடுத்து இரண்டு மாதம் கழித்து ஏசி வேலைக்காக இடது பக்கக் கால்மிதியைத் தூக்கினால், டேஷ்போர்டுக்குக் கீழே தகரத்தில் நாலு ஓட்டை, சுற்றிலும் துரு. சொல்லிக் கொடுப்பவருக்கு இடது பக்கம் கூடுதலாகக் கிளட்ச், பிரேக் பெடல் மாட்டுவார்களே, அதைக் கழற்றிய தழும்பு! அன்றிலிருந்து எந்த மேனுவல் வண்டியைப் பார்த்தாலும் முதலில் இடது பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கால்மிதியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன். நீங்களும் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அப்படியே ஓட்டுநர் பக்கம் வந்து பெடல் ரப்பர்களைப் பாருங்கள். 48,000 கி.மீ. ஓடிய வண்டியில் ரப்பரின் வரிகள் இன்னும் தெரிய வேண்டும். வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. கிளட்ச் ரப்பரை மட்டும் புதுசாக மாற்றிவிட்டுப் பிரேக் ரப்பரை மறந்துவிடுவார்கள். இரண்டும் ஒரே வயதாகத் தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள். கியர் நாப், ஸ்டியரிங்கின் மேல் பகுதி, ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க ஓரம், இவையும் அதே கதையைச் சொல்லும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி சர்வீஸ் ரெக்கார்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்தால், ஒவ்வொரு முறை வந்தபோதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பது கணினியில் இருக்கும். விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர மறுத்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

கிளட்ச் என்பது செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும். இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் பிளேட். பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய்த் தள்ள, பிடி விடுகிறது. பிளேட்டில் இருக்கிற உராய்வுப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதை மாற்றுவது பெரிய செலவே இல்லை. ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு வெளி ஒர்க்‌ஷாப்பில் பத்தாயிரத்தை ஒட்டி வரலாம், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்கிற வேலை வேறு. செலவு இரட்டிப்பாவது ஒரு பக்கம், நன்றாகப் பிரித்து மாட்டத் தெரிந்த கை கிடைப்பதும் கஷ்டம். அதனால் கிளட்ச் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன். கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் நாளே போன் செய்து, “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் கேட்கிற சத்தம் சூடானபின் மறைந்துவிடலாம்.

ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து கிளட்ச்சைத் தொடாமல் இருங்கள். காதைக் கொடுங்கள். கர்ரென்று மெல்லிய சத்தம் கேட்கிறதா? இப்போது கிளட்ச்சை முழுதாக மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால், கியர்பாக்ஸுக்குள் நுழைகிற ஷாஃப்ட்டின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பாக்ஸைப் பிரிக்க வேண்டிய கேஸ். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். பொருள் விலை குறைவு, ஆனால் கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை போகும். எனவே கிளட்ச் வேலையோடு சேர்த்துச் செய்துவிடலாம். இந்த ஒரு சோதனையைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி மெக்கானிக்.

அடுத்து, பெடலை மெல்ல விடும்போது வண்டி எந்த உயரத்தில் நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட பெடல் மேலே வந்தபிறகுதான் பிடிக்கிறது என்றால் பிளேட் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அடியிலேயே பிடித்தால் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாமல் இருக்கலாம். கிளம்பும்போது வண்டி உதறினால், பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம் அல்லது ஃப்ளைவீல் சூட்டில் கெட்டிருக்கலாம்.

அப்புறம் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டர் தொடாமல் கிளட்ச்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் டக்கென்று நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் ஆகிறது. முன்னால் ஆள் இல்லாத இடத்தில் ஒரே ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து பாவம் அந்த மனிதரின் வண்டியைக் கெடுக்காதீர்கள்.

ரோட்டில் எடுத்ததும், காலியான மேட்டில் நாலாவது கியரில் நாற்பது கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் குதித்து, வண்டி சோம்பலாக வந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

இதெல்லாம் கிளட்ச் சோதனை. கன்சல்டிங் வண்டியில் கிளட்ச் புதுசு என்பதால் இவற்றில் பெரும்பாலானவற்றில் முழு மார்க் வாங்கிவிடும். ஆகவே அங்கே நீங்கள் கியர்பாக்ஸைத்தான் குடைய வேண்டும். புது பிளேட் போட்டால் பழைய கியர்பாக்ஸ் இளமையாகிவிடாது.

மூன்றாவதில் நாற்பதில் போகும்போது கிளட்ச்சை மிதித்து இரண்டாவதுக்கு இறக்குங்கள். அவசரமும் வேண்டாம், பயந்து பயந்து மெதுவாகவும் வேண்டாம், இயல்பாக. பல்லைக் கடிப்பது போல் சத்தம் வந்தால், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கிறது. ஊர் வண்டியில் அதிகம் அடிபடுவது இரண்டாவது கியர்தான். உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டாவதுக்கு வந்தாக வேண்டும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டால்தான் பிரேக் சூடாகாது. அந்த நேரத்தில் கியர் விழாமல் அடம்பிடித்தால் வளைவில் நியூட்ரலில்தான் திரும்புவீர்கள்.

அதே காரணத்துக்காக இன்னொன்று. இரண்டாவது கியரில் கொஞ்சம் வேகம் எடுத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுங்கள். கையைக் கியரில் வைக்காதீர்கள். லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டி மலைக்கு ஆகவே ஆகாது. மூன்றாவதிலும் இப்படிப் பாருங்கள்.

ரிவர்ஸ் போடும்போது லேசாக உரசினால் பதற வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோனைசர் கிடையாது. வண்டி முழுதாக நின்று, கிளட்ச்சை மிதித்து, மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கடைசியாக ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கிறது. அதற்கும் விலையில் கழிக்கலாம்.

பாடி பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, கூட ஒரு டிங்கரை அழைத்துப் போங்கள். சென்னைப் பதிவு வண்டி என்றால் மட்டும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் அது பேசிவிடும்.

காகிதங்களில் ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. 2013 வண்டிக்கு 2028-ல் முடியும், பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஒரு வருட வித்தியாசத்துக்காக 45,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே, ஆசிரியர் வண்டியை முதலில் பாருங்கள். 91,000-த்திலும் அதே கிளட்ச் என்றால் அவருக்கு இடது காலை எடுத்துத் தரையில் வைக்கத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வருகிறாரா, மேட்டில் ஹேண்ட்பிரேக் பிடிக்கிறாரா அல்லது பெடலைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்ச்சில் தொங்குகிறாரா என்று கவனித்தால் வண்டியின் ஜாதகமே கிடைக்கும். கியர்பாக்ஸ் அமைதியாக இருந்து கிளட்ச் மட்டும் மேலே பிடித்தால், 3,35,000-த்துக்குக் கேளுங்கள். மிச்சமாகிற பத்தாயிரத்தில் மலை ஏறுவதற்கு முன்பே கிளட்ச் மாற்றிவிடலாம். கன்சல்டிங் வண்டியை விடவே மனமில்லை என்றால், கிளட்ச் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில்லில் மெக்கானிக் எழுதிய கிலோமீட்டர் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

மாற்றும்போது பிளேட் மட்டும் போட்டுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாக. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஆக்ஸில் ஆயில் சீலையும் கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், ரிவெட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் சரியான நேரத்தில்தான் மாற்றியிருக்கிறீர்கள்.